ரிப்பன் பிரபுவும் ரம்ப மேசையும்



நீளமான பதிவு. அவசரம் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். போன மாதம் பேத்தியின் காதுகுத்துப் படங்களைப் போட்டபோது இருநூறு பேர் விருப்பம் போட்டீர்கள். இதற்கு இருபது வந்தாலே எனக்குப் போதும்.

‘ரிப்பன் பிரபுவின் சீர்திருத்தங்களை விவரி.’ ஞாபகம் இருக்கிறதா? என்னிடம் படித்தவர்களில் இந்தக் கேள்விக்குத் தப்பித்தவர்கள் யாருமில்லை. நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார், உள்ளாட்சித் தீர்மானம் 1882, ஹண்டர் கல்விக் குழு 1882, முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஆண்டைச் சிவப்பு மையில் கோடிட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் இரக்கப்படுவேன் என்று ஒரு கதை பள்ளிக்கூடத்தில் உலவியது. அது உண்மைதான்.

முப்பத்து மூன்று வருடம் அந்தக் கேள்விக்கு மார்க் போட்டேன். முதல் தொழிற்சாலைச் சட்டம் எத்தனை பேர் வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பட்டறைக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

பழைய மாணவன் ஒருவன் பழனி ரோட்டுப் பக்கம் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறான். கட்டில், அலமாரி, கதவு எல்லாம் செய்வான். இந்தக் குழுவிலும் இருக்கிறான். எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம்” என்றான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இப்போது ஐம்பத்து நாலு வயது. நான் இன்னமும் ‘அவன்’ என்றே எழுதுகிறேன், பட்டறையில் ஆறு பேருக்கு முதலாளியை. பழக்க தோஷம், மன்னிக்கவும்.

“ஞாயித்துக்கிழமை வாங்க சார், புது மெஷின் இறக்கியிருக்கேன்” என்று போன் செய்தான். போனேன். வழவழப்பான இரும்பு மேசை. நடுவில் ஒரு நீளப் பிளவு, அதற்குள்ளிருந்து பாதி நிலா மாதிரி எழும் பத்து அங்குல வட்ட ரம்பம். ரம்பத்துக்கு இணையாக நீளமாக ஒரு சட்டம். மரத்தின் ஓரத்தை அதில் அணைத்துத் தள்ளினால் நேராக அறுபடும். பட்டறையில் அதற்குக் ‘கைடு’ என்று பெயர். எனக்குப் புதிதாகப் பட்டது அந்தக் கைடின் தலையில் உட்கார்ந்திருந்த இரண்டு மஞ்சள் ரப்பர் சக்கரங்கள்தான். பொம்மைக் கார்ச் சக்கரம் மாதிரி, ஒன்று ரம்பத்துக்கு முன்னால், ஒன்று பின்னால்.

“என்னப்பா, ரம்பத்துக்கு டயர் மாட்டியிருக்கே?” என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. மகனைக் கூப்பிட்டான். பையன் டிப்ளமோ முடித்தவன். எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தான். வாத்தியாருக்கு வகுப்பெடுப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். வட்ட ரம்பத்தின் முன்பக்கப் பற்கள், அதாவது நம் பக்கம் இருப்பவை, கீழ்நோக்கி மேசைக்குள் இறங்குகின்றன. ஆகவே அவை மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அவை மரத்தைத் தூக்கும். அறுபடும் மரம் கைடை விட்டு ஒரு நூலளவு விலகி, பின்பற்களில் உரசினால் போதும். அந்தப் பற்கள் அதைத் தூக்கித் தள்ளுகிறவர் மேலேயே எறியும். அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வினாலும் இதே கதைதான். பத்து அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். (பழைய இயற்பியல் ஆசிரிய நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். நான் முதலில் போட்ட கணக்கில் 19 வந்தது.) நம் ஊர் நாலுவழிச் சாலையில் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தில் போவதில்லை.

மரம் பறப்பது பாதிதான். மரத்தின் மேல் வைத்த கை இன்னொரு பாதி. பிடித்திருந்த பலகை சட்டென்று இல்லாமல் போனதும், அழுத்திக்கொண்டிருந்த கை தன் வேகத்திலேயே முன்னால் சரியும். அங்கே ரம்பம் இருக்கும். இது நடந்து முடிந்த பிறகுதான் நடந்தது என்று தெரியுமாம்.

சக்கரங்களின் வேலை இங்கேதான். ஒவ்வொன்றும் ஸ்பிரிங் வைத்த கையில் இருக்கிறது. மரம் நுழையும்போது அதன் தலையில் ஏறி உட்கார்ந்து மேசையோடு அழுத்தும். சக்கரம் கைடுக்குச் சரியாக இணையாக இல்லாமல் ஒரு ஐந்து பாகை திரும்பியிருக்கிறது. அதனால் உருளும்போதே மரத்தைக் கைடின் பக்கம் இழுத்து அணைக்கிறது. முக்கியமான விஷயம், அது ஒரு பக்கம்தான் சுழலும். மரம் முன்னால் போகலாம், பின்னால் வர முடியாது. நம் கோயில் திருவிழாவில் தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே வேலை.

மாட்டியது எப்படி என்றும் கேட்டேன். கைடு உள்ளே வெற்றிடமான அலுமினியக் குழாய். அதில் நேராகச் சக்கரத்தை முடுக்கினால் ஆடும். அதனால் பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் கைடின் நீளத்துக்கு ஒரு பலகை அறுத்து, போல்ட்டின் தலை மரத்துக்குள் அமிழும்படி குழி போட்டு, அந்தப் பலகையைக் கைடோடு இறுக்கியிருக்கிறார்கள். பலகையின் தலையில் ஒரு அலுமினியத் தடம். சக்கரங்கள் அந்தத் தடத்தில் நகர்ந்து, வேண்டிய இடத்தில் திருகினால் நிற்கும். அதற்கு முன்பே கைடு ரம்பத்துக்கு இணையாக நிற்கிறதா என்று முன்பல்லிலும் பின்பல்லிலும் அளந்து பார்த்தார்களாம். பின்பக்கம் ஒரு மயிரிழை அகலலாம். குறுகவே கூடாது. குறுகினால் மரம் கைடுக்கும் பின்பல்லுக்கும் நடுவில் மாட்டும், பிறகு சக்கரம் என்ன செய்யும்?

உயரம் வைப்பதற்கு அளவுகோல் வேண்டியதில்லை. அறுக்கப்போகும் மரத்திலேயே ஒரு துண்டை ரம்பம் ஓடாதபோது பக்கத்தில் வைத்து, சக்கரத்தை அதன் தலைக்கு மூன்று மில்லிமீட்டர் தாழ இறக்கித் திருகிவிட்டால் ஸ்பிரிங் அந்த அளவு அமுங்கும். இன்னும் தாழ்த்தினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சக்கரம் அதிகம் அழுத்தினால் தள்ளுகிறவன் உடம்பைச் சாய்த்துத் தள்ள வேண்டிவரும். உடம்பைச் சாய்ப்பதுதான் ஆபத்து.

மேசையின் மேல் இன்னொன்றும் இருந்தது. சீப்பு மாதிரி பல் பல்லாக, சாய்வாக அறுத்த ஒரு மரப்பலகை. அதை அவனே செய்திருக்கிறான். அது பக்கவாட்டிலிருந்து மரத்தைக் கைடோடு அணைக்கும். பற்கள் வளைந்து கொடுப்பதால் மரம் முன்னால் போகும். திரும்பி வந்தால் பற்கள் குத்தி நிறுத்தும். அதை ரம்பத்துக்கு முன்னால், ரம்பப் பல் மரத்தைத் தொடும் இடத்துக்கு இந்தப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ரம்பத்துக்கு நேர் பக்கத்தில் வைத்துவிட்டால் அறுத்த பிளவை மூடி ரம்பத்தைக் கவ்வ வைத்துவிடும். காப்பாற்ற வைத்ததே காவு வாங்கும்.

அந்தச் சீப்புப் பலகை இருந்த இடத்தை அவன் தன் இடது கையால் தொட்டுக் காட்டினான். “என் கை இருந்த எடம் சார் இது” என்றான்.

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

1985, திண்டுக்கல் தனி மாவட்டமான வருடம். அவன் அப்பா தவறிப்போனார், படிப்பு நின்றது. அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து, “எங்கிட்டாச்சும் சேத்துவிடுங்க சார்” என்று நின்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் பெட்டிப் பட்டறை நடத்தினார். பழமும் தக்காளியும் அனுப்பும் மரப்பெட்டிகள். ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் நத்தம் மாம்பழத்துக்கும் சீசனில் ஓயாத வேலை. கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம்தான் சரக்கு. நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன். இதைப் பலருக்குச் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியும்.

பெட்டிக்கு வேண்டியது மெல்லிய சட்டங்கள். மரவேலையில் மெல்லிய சட்டம் அறுப்பதைப் போல ஆபத்தான வேலை குறைவு. ஏனென்றால் ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம்தான் இருக்கும். வலது கை அந்த இடுக்கு வழியாகத் தள்ள வேண்டும், இடது கை பக்கத்திலிருந்து அணைக்க வேண்டும். அன்றைய ரம்ப மேசையும் மர மேசைதான். கைடு என்பது இரண்டு கிளாம்ப் போட்ட ஒரு நேரான கட்டை. ரம்பத்துக்கு மேலே மூடி இல்லை. பின்னால் பிளவைப் பிரித்துப் பிடிக்கும் இரும்புத் தகடும் இல்லை. நூறு சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. 1987 சித்திரையில், மாம்பழ சீசன் தொடக்கத்தில், ஒரு கணு பின்பல்லில் பட்டது. அவனுக்கு அப்போது பதினாறு வயது.

முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கே வலது கையில் ஒரு விரல் பாதிதான். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், இரண்டு மாதம் அரைக்கூலி கொடுத்தார், “ரம்பத்துல நிக்கிறவனுக்கு ஒரு விரலாச்சும் போகாம இருக்குமா சார்” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் பாடம் என்ன என்று நினைக்கிறீர்கள்? ரிப்பன் பிரபு இல்லை, பிளாசிப் போர். கதையில்தான் எல்லாம் பொருந்தி வரும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தச் சட்டங்களை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது, பெரும்பாலும் என் மேலேயே.

முதலில் அந்த எண். 1881ஆம் ஆண்டுச் சட்டம் நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற, எந்திர விசை ஓடுகிற ஆலைக்குத்தான் பொருந்தும். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது, ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, மாதம் நாலு நாள் அவர்களுக்கு விடுமுறை, ஆபத்தான எந்திரங்களுக்கு வேலி போட வேண்டும். அவ்வளவுதான். இதை ரிப்பனின் கருணையாகவே நாங்கள் பாடம் நடத்தினோம். லங்காஷயர் ஆலை முதலாளிகள், பம்பாய் ஆலைகளில் மலிவாக ஆள் கிடைப்பதைப் பொறுக்காமல் லண்டனில் நெருக்கியதும் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம். அது பாடநூலின் ஓரத்தில்கூட இல்லை. ஆனாலும் ‘வேலி’ என்ற சொல் இந்தியச் சட்டத்தில் அப்போது வந்துவிட்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்து 1891. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884ல் தொழிலாளர்களைக் கூட்டி, 5,500 பேரின் கையொப்பத்தோடு மனு கொடுத்திருந்தார். இந்தச் சட்டத்தில் நூறு ஐம்பதானது. 1922ல் இருபது. விடுதலைக்குப் பிறகு வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், மின்சாரமோ வேறு விசையோ ஓடினால், பத்து. நூறு, ஐம்பது, இருபது, பத்து. அறுபத்தேழு ஆண்டுகளில் அந்த எண் படியிறங்கி வந்த வேகம் அவ்வளவு.

பெட்டிப் பட்டறையில் முதலாளியையும் சேர்த்து ஏழு பேர்.

அந்த ஏழு பேருக்கு எட்டாமல் போனது என்ன என்று பார்த்தால்தான் வயிறு எரியும். 1948 சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான வேலி வேண்டும் என்கிறது. அதன்கீழ் நம் மாநிலத்துக்கு 1950ல் தொழிற்சாலை விதிகள் வந்தன. அந்த விதிகளில் மரவேலை எந்திரங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வட்ட ரம்பத்துக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், பிளவைப் பிரித்துப் பிடிக்கும் வழவழப்பான உறுதியான தகடு வேண்டும். ரம்பத்தின் தலைக்கு மேல் ஏற்றி இறக்கக்கூடிய மூடி வேண்டும். மேசைக்குக் கீழே ரம்பத்தின் இருபுறமும் தகடு வேண்டும். ஒவ்வொரு வட்ட ரம்பத்திலும் ஒரு தள்ளுகட்டை வேண்டும், கை போகாமல் அதைக்கொண்டு மரத்தைத் தள்ள. என் மாணவன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே அச்சில் இருந்த வரிகள் இவை. தள்ளுகட்டைக்குச் செலவு என்ன? ஒரு துண்டு வேப்பங்கட்டை, அரைமணி நேரம்.

23ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர்களை ஆபத்தான எந்திரத்தில், முழுமையாகச் சொல்லிக்கொடுக்காமலும் பக்கத்தில் அனுபவசாலி நிற்காமலும் வேலைக்கு விடக்கூடாது. எவையெல்லாம் அப்படிப்பட்ட எந்திரம் என்று விதிகளில் ஒரு சிறு பட்டியல். வட்ட ரம்பம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது.

சட்டத்தின் 85ஆம் பிரிவைப் பயன்படுத்தி, எண்ணிக்கை பாராமல் சின்னப் பட்டறைகளையும் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் மாநில அரசுக்கு இருந்தது. எங்கள் சந்துவரை அப்படி ஒன்று வந்து, தள்ளுகட்டை எங்கே என்று யாரும் கேட்டதாக எங்களில் எவருக்கும் நினைவில்லை.

இந்த விதிகள் இங்கே முளைத்தவை அல்ல. இங்கிலாந்தில் 1922ல் மரவேலை எந்திரங்களுக்கென்று ஒழுங்குவிதிகள் வந்தன. பிரிக்கும் தகடு, மூடி, தள்ளுகட்டை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் ஒரு சுவாரசியமான குடும்பம் வருகிறது. ஜெரமி பெந்தம் என்ற தத்துவஞானியைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசியல் பாடம் எடுத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தம்பி சாமுவேல் பெந்தம், கப்பல் கட்டும் பொறியாளர். 1791லும் 1793லும் மரவேலை எந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். பிளவுள்ள மேசையில் சுழலும் வட்ட ரம்பம், மரத்துக்குப் பக்கத்தில் இணையாக வழிகாட்டும் சட்டம் எல்லாம் அங்கே வந்துவிட்டன. பழனி ரோட்டில் நான் தொட்டுப் பார்த்த கைடுக்கு வயது இருநூற்று முப்பதுக்கு மேல்.

எதற்காக அந்த எந்திரங்கள்? அண்ணன் ஜெரமி ஒரு வட்டச் சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டிருந்தார். நடுவில் ஒரு காவலர், சுற்றிலும் அறைகள். தம்பியின் எந்திரங்களில் அந்தக் கைதிகளை வேலை வாங்குவதாக யோசனை. தச்சு தெரியாதவனும் தச்சு வேலை செய்ய வேண்டும், கைத்திறமை ஆளிடம் இல்லாமல் எந்திரத்தில் இருக்க வேண்டும். சிறை கட்டப்படவில்லை. ஆனால் அந்த எண்ணம் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குப் போனது. மார்க் புரூனல் என்பவர் அங்கே கப்பல் கயிறுகளுக்கான கப்பிக்கட்டைகள் செய்யும் எந்திரங்களை வரிசையாக நிறுவினார். 1808ல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்ததைப் பத்து சாதாரண ஆட்கள் செய்தார்களாம்.

இதைப் படித்தபோதுதான் பெட்டிப் பட்டறை எனக்குப் புரிந்தது. நம் ஊர் ஆசாரி வீட்டில் பையன் முதல் சில வருடம் உளி தீட்டுவான், இழைப்புளி பிடிப்பான், மரத்தின் நாரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்கப் பழகுவான். கணு எங்கே உதைக்கும் என்று அவன் கைக்கே தெரியும். வட்ட ரம்பம் அந்த வருடங்களை வேண்டாம் என்றது. ஒன்பதாம் வகுப்பில் நின்ற பையனை வாத்தியார் கூட்டிக்கொண்டு வந்தால் மறுநாளே மேசையில் நிறுத்தலாம். அந்த எந்திரம் ஆரம்பத்திலேயே தொழில் தெரியாத கைகளுக்காக யோசிக்கப்பட்டது. அப்படியானால் அந்தக் கைகளுக்கான காவலும் அதோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டாமா? எந்திரம் முதலில் வந்தது, காவல் விதி நூற்று இருபது முப்பது வருடம் கழித்து வந்தது, அதுவும் ஆள் கணக்குப் பார்த்து.

இங்கிலாந்தில் 1955ல் ஒரு வழக்கு, இரும்பாலை ஒன்றில் சாணைக்கல்லில் கட்டைவிரல் அடிபட்ட தொழிலாளி தொடுத்தது. வேலி போட்டால் கல்லையே பயன்படுத்த முடியாதே என்று ஆலை வாதாடியது. பயன்படுத்த முடியாமல் போனாலும் வேலி போட்டே ஆக வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்த இடங்களுக்கு நமக்கும் உதவியிருக்கும்.

இப்போது எனக்கு அதிகம் வலித்த இடத்துக்கு வருகிறேன். 1923ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் முதல் அட்டவணையில் உடம்பு முழுக்கத் துண்டு துண்டாக விலை போடப்பட்டிருக்கிறது. பின்னாளில் திருத்தப்பட்ட கணக்கின்படி, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. 14ம் 12ம் கூட்டினால் 26 அல்லவா வரும் என்று எனக்குத் தோன்றியது. இல்லை, இரண்டு விரலுக்கு 20தான்.

இந்தச் சட்டத்துக்கு ஆள் கணக்குத் தேவையில்லை. விசை ஓடுகிற, பொருள் தயாரிக்கிற இடமாக இருந்தால் போதும், ஒரே ஒரு கூலிக்காரன் இருந்தாலும் பொருந்தும். விரலைக் காப்பாற்றும் சட்டம் பத்துப் பேரைக் கேட்டது. போன விரலுக்கு விலை போடும் சட்டத்துக்கு ஒருவன் போதும். 1987ல் நான் இதைப் படித்திருந்தால் அவனுக்கு அந்த இருபது சதவீதமாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம். வரலாற்று வாத்தியார் நான். சட்டப் புத்தகம் இருந்த நூலகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. அவனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அந்தக் காசு வந்திருந்தா அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்கும் சார், விடுங்க” என்றான்.

விட முடியாததால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ரம்ப மேசையால் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயப்படுவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. 1999ல் ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியலாளர் (காப்புரிமை வக்கீலும்கூட) சதை பட்டவுடன் சில மில்லிவினாடிகளில் நின்றுவிடும் ரம்பம் ஒன்றை யோசித்தார். விரலுக்குப் பதில் சாசேஜ் துண்டை வைத்துக் காட்டுவாராம். சதையில் மின்சாரம் கொஞ்சம் கடத்தப்படும், மரத்தில் அவ்வளவு இல்லை, அந்த வித்தியாசத்தை எந்திரம் உணர்கிறது. பெரிய கம்பெனிகள் வாங்க முன்வராததால் தானே தயாரித்து 2004ல் விற்க ஆரம்பித்தார். பையன் அந்தக் காணொளியைப் போனில் காட்டினான். “வெல கேட்டா நம்ம பட்டறையே நின்னுடும் தாத்தா” என்றான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2020ல் நாடாளுமன்றம் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. அதில், விசை ஓடும் இடத்துக்குத் ‘தொழிற்சாலை’ என்ற வரையறை பத்துப் பேரிலிருந்து இருபது பேராகிறது. 1922ல் இருந்த எண். இனி வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இந்தக் குழுவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். ரிப்பன் பிரபு பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஆண்டுக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள். நூறு, ஐம்பது, இருபது, பத்து, இருபது. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

பட்டறைக்குத் திரும்புகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள், எந்த எண்ணிலும் சேராதவர்கள். சக்கரம் மாட்டச் சொல்லி யாரும் அவனுக்கு உத்தரவு போடவில்லை. மகன் ரம்பத்தில் நிற்க ஆரம்பித்த அன்று ராத்திரி தனக்குத் தூக்கம் வரவில்லை என்றான், வேறு காரணம் சொல்லவில்லை.

எனக்காக ஒரு வேங்கைப் பலகை அறுத்துக் காட்டினார்கள். பையன் ரம்பத்துக்கு நேராக நிற்காமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றான். பலகை பறந்தால் வரும் பாதை அது என்பதால். முதல் சக்கரம் மரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது. சீப்புப் பலகை பக்கத்திலிருந்து அணைத்தது. அவன் இடது கை எங்கே போகும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டான்.

மெல்லிய சட்டம் அறுக்கும்போது மட்டும் சக்கரம் உதவாதாம். கைடை ஒட்டி ஒரு விரற்கடை இடத்தில் சக்கரமே அடைத்துக்கொள்ளும், தள்ளுகட்டை நுழைய இடம் இருக்காது. அப்போது சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையின் அகலமான பக்கத்தைக் கைடு பக்கம் போட்டு, மெல்லிய சட்டம் வெளிப்பக்கமாக விழும்படி அறுக்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் கைடை நகர்த்த வேண்டும். நேரம் பிடிக்கும். “கூலி நூத்துக்கு இம்புட்டுன்னு இருந்தா எவனும் இப்படி அறுக்க மாட்டான் சார். அதான் நான் நாள் சம்பளம்” என்றான்.

கிளம்பும்போது கைடின் ஓரத்தில் ஒரு ஆணியில் தள்ளுகட்டை தொங்குவதைப் பார்த்தேன். புளியமரம், பறவை வால் மாதிரி நுனியில் ஒரு வெட்டு, கைபட்டுக் கைபட்டு மினுமினுப்பு. அதை ஒரு சணல் கயிற்றில் மேசைக் காலோடு கட்டியிருந்தார்கள்.

“கயிறு எதுக்குப்பா, வேலைக்கு இடைஞ்சலா இருக்காதா?”

“கழட்டிட்டுத்தான் சார் அறுப்போம். ராத்திரி கட்டிப் போடணும். இல்லேன்னா வாட்ச்மேன் வெந்நி போட எடுத்துட்டுப் போயிர்றாரு. இது நாலாவது கட்டை.”